முதல் சம்பளத்துக் கண்டாங்கி கிழிகிறது

1994-இல் காரைக்குடியில் ஒரு மளிகைக் கடையில் கணக்கு எழுதினேன். முதல் சம்பளத்தில் அப்பத்தாவுக்குக் கைத்தறிக் கண்டாங்கிச் சேலை வாங்கினேன்.

மஞ்சளில் அரக்குக் கட்டம், அகலக் கரை, முழுப் பருத்தி. சாயம் அப்படியே இருக்கிறது. ஆனால் முந்தானைப் பக்கம் மடிப்பு விழுந்த இடங்களில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் அறுந்து, குறுக்கே ஓடும் ஊடை நூல் மட்டும் சல்லடையாகத் தொங்குகிறது.

தையற்காரர் அடியில் துணி கொடுத்துத் தைத்தார். தையல் ஓரத்திலேயே புதிதாகக் கிழிந்தது. மதுரையில், கிழிசலில் நூல் கோத்து நெய்ததுபோல் அடைக்கும் இழை ஓட்டுபவர் ஒருவர், இவ்வளவு முரட்டு நூல் தன்னிடம் இல்லை என்று திருப்பிவிட்டார். புதிது வாங்கச் சொல்கிறார்கள். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற சேலை, கடையில் கிடைக்கும்தான். எனக்கு இதுதான் வேண்டும். தை மாதம் மகள் கட்ட வேண்டும்.

காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம் அதே ரக நூலில் இழை ஓட்டித் தரும் நெசவாளர் யாரையாவது தெரியுமா?