ஹைலக்ஸ் சூடானதும் ஐட்லிங் ஏறி இறங்குது: காத்து எங்கால போகுது?

ஒட்டுசுட்டான்_பிக்கப்:
1990 டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப், கொம்பியூட்டர் பெற்றோல் விடுற இன்ஜெக்சன் எஞ்சின். காலமை ஸ்டார்ட் பண்ணினா ஒழுங்கு. பத்து நிமிசத்தில சூடானதும் நிண்ட இடத்தில ஆர்.பி.எம் (நிமிசத்துக்கு எஞ்சின் சுத்துற எண்ணிக்கை) 1000க்கும் 1800க்கும் இடையில ஊஞ்சல் மாதிரி ஆடுது. பிளக், பெற்றோல் பில்டர் மாத்தியாச்சு. ஐட்லிங் ஸ்குரூவைக் குறைச்சும் சரிவரேல்ல. வாக்கும் லீக்கோ (எங்கயாலும் வெளிக்காத்து உள்ள இழுபடுதோ)?

மாங்குளம்_கராஜ்:
முதல்ல ஸ்குரூவை விடுங்கோ. சூடா ஆடிக்கொண்டிருக்கேக்க துரொட்டில் (அக்சிலேற்றரை மிதிக்கக் காத்துக்குத் திறக்கிற மடல்) சென்சரின்ர வயர்ப் பிளக்கைக் கழட்டுங்கோ. ஆட்டம் நிண்டு ஒரே உயரத்தில ஓடினா காத்து அளவுக்கு மிஞ்சிப் போகுது எண்டு அர்த்தம். துரொட்டில் மூடியிருக்கு, ஆர்.பி.எம் உயரம் எண்டு கண்டதும் கொம்பியூட்டர் பெற்றோலை வெட்டும். விழுந்ததும் திருப்பிக் குடுக்கும். அதுதான் ஊஞ்சல். சென்சரில பழுதெண்டு நினைச்சுக் காசைக் கொட்டாதேங்கோ.

பிறகு பிளையருக்குத் துணி சுத்தி ஹோஸுகளை ஒண்டொண்டா நெரியுங்கோ: பிறேக் பூஸ்டர், பி.சி.வி (எஞ்சினுக்குள்ள வாற புகையைத் திருப்பி உறிஞ்சிற குழாய்), துரொட்டில் பொடிக்குக் கீழ இருக்கிற எயார் வால்வு (எஞ்சின் குளிரா இருக்கேக்க மட்டும் கூடுதல் காத்து விடுறது). எதை நெரிக்க ஆர்.பி.எம் விழுதோ அந்த வழி.

வவுனியா_வயரிங்:
எயார் புளோ மீற்றருக்கும் துரொட்டிலுக்கும் இடையில உள்ள றப்பர் குழாயையும் கழட்டி, மடிப்பை விரிச்சு வெளிச்சத்தில பாருங்கோ. வெடிப்பு மடிப்புக்குள்ளதான் ஒளிஞ்சிருக்கும். நெல்லுக் கொட்டிலுக்குள்ள விடுற வண்டியெண்டா எலி கடிச்ச சின்னக் குழாயளும் இருக்கும். இந்த மீற்றர் அளக்காத காத்து எங்கால போனாலும் கலவை மெலியும், ஓயில் மூடியும் டிப்ஸ்டிக்கும் சேத்தி. ஐட்லிங்கில ஓயில் மூடியைத் திறக்க எஞ்சின் தடுமாறோணும். ஒரு மாற்றமும் இல்லையெண்டா ஏற்கெனவே வேற பெரிய ஓட்டை இருக்கலாம்.

காபரேட்டர் கிளீனர் அடிச்சுத் தேடுறவை சைலன்சர் பக்கம் போகாதேங்கோ, தீப்பிடிக்கும். தண்ணி ஸ்பிறேயே காணும். வாக்கும் கேஜ் இருந்தா 17–21 அங்குலப் பாதரச அளவில ஊசி அசையாம நிக்கோணும்.

ஒட்டுசுட்டான்_பிக்கப்:
சென்சரைக் கழட்ட 1700இல நிண்டுது. பூஸ்டர், பி.சி.வி நெரிக்க ஒண்டுமில்லை. எயார் வால்வின்ர காத்துக் குழாயை நெரிக்க 800க்கு விழுந்துது!

மாங்குளம்_கராஜ்:
அப்ப லீக் இல்லை, வால்வு மூடுதில்லை. அதுக்குள்ள மெழுகு இருக்கு; கூலண்டின்ர (ரேடியேற்றர் தண்ணி) சூட்டில விரிஞ்சு வழியை அடைக்கோணும். அந்தச் சூடு வால்வுக்கு வந்து சேராட்டி திறந்தபடியே நிக்கும். ரேடியேற்றருக்குக் கிணத்துத் தண்ணியோ விடுறனீங்கள்? எங்கட பக்கத்துத் தண்ணி கேத்திலுக்குள்ள வெள்ளையாப் படியிறது போல, வால்வின்ர ஒடுங்கின தண்ணி வழியிலயும் படியும்.

எஞ்சின் ஆறினாப்பிறகு ரேடியேற்றர் மூடியைத் திறந்து மட்டம் பாருங்கோ. குறைவெண்டா தண்ணி வழியில காத்து அடைச்சிருக்கும். நிரப்பி, மூடி திறந்தபடியே ஓடவிட்டுக் குமிழி நிக்கும்வரை பாருங்கோ. சரிவராட்டி வால்வைக் கழட்டி, படிவை வினாகிரியில ஊறவிட்டு எடுங்கோ. பச்சைத் தண்ணியில வைச்சு ஊதினா காத்துப் போகோணும், கொதிதண்ணியில அடைபடோணும். அடைபடாட்டி வால்வு முடிஞ்சுது. புதுசு கிடைக்கும்வரை வால்வின்ர காத்துக் குழாயை அடைச்சு ஓடலாம். எங்கட வெக்கைக்குக் காலமை ஒரு நிமிசம் அக்சிலேற்றரை மிதிச்சா காணும்.

திருப்பிப் பூட்டேக்க புது காஸ்கற் போடுங்கோ, கூலண்ட் கலவையை விடுங்கோ. கடைசியாத்தான் ஸ்குரூ: எஞ்சினைச் சூடாக்கி 750 ஆர்.பி.எம்முக்கு வையுங்கோ.