ஸ்காட்டா, ஷாஃப்கோப்ஃபா? இரண்டு மேசையிலும் உட்கார்ந்தவன் எழுதுகிறேன்

ஜெர்மன் சீட்டாட்டங்கள் என்றால் இங்கே பெரும்பாலும் ஸ்காட் பற்றியே எழுதியிருக்கிறீர்கள். லைப்ஸிக்கில் வேலை பார்த்தபோது மதிய இடைவேளைகளில் ஸ்காட் பழகினேன். மியூனிக் வந்த பிறகு ஷாஃப்கோப்ஃப் என்ற இன்னொரு சீட்டாட்டம். எது பிடிக்கும் என்று கேட்டால் இரண்டாவதுதான். ஏன் என்று சொல்கிறேன்.

அடிப்படை ஒன்றே. 32 சீட்டு, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 4, மொத்தம் 120 புள்ளி, ஆட்டம் எடுத்தவர் 61 சேர்த்தால் ஜெயம். 60 வந்தால் தோல்விதான். நம் 304 ஆடியவர்களுக்குப் பத்து ராஜாவைப் பிடிப்பதில் ஆச்சரியம் இருக்காது.

ஸ்காட்டில் மூன்று பேர், ஆளுக்குப் பத்துச் சீட்டு. நடுவில் கவிழ்த்து வைக்கும் 2 சீட்டுக்குத்தான் ஸ்காட் என்று பெயர். ஏலம் எடுத்தவர் தனி ஆள், மற்ற இருவரும் சேர்ந்து அவரை மடக்குவார்கள். ஏலம் 18, 20, 22, 23, 24, 27 என்று விநோதமாக ஏறும். எல்லாம் பெருக்கல் கணக்கு. துருப்பாக எடுக்கும் ஜாதிக்கு அடிப்படை மதிப்பு டைமன் 9, ஆட்டின் 10, ஸ்பேட் 11, கிளாவர் 12. நாலு ஜாக்கிகளும் எப்போதும் பெரிய துருப்பு, கிளாவர் ஜாக்கி எல்லாவற்றுக்கும் மேல். மேலிருந்து வரிசையாக எத்தனை ஜாக்கி கையில் இருக்கிறதோ, அதோடு ஒன்றைக் கூட்டிப் பெருக்க வேண்டும். வரிசையாக எத்தனை இல்லையோ, அதற்கும் இதே கணக்கு!

இதில்தான் வம்பே. ஒருநாள் எதிரே இருந்தவருக்கு மேல் ஜாக்கி இரண்டும் இல்லை, ஆட்டின் ஜாக்கி மட்டும் இருந்தது. ஆட்டின் ஆட்டத்துக்கு 3 × 10 = 30 என்று நம்பி 27 வரை கேட்டார். நடுச்சீட்டை எடுத்தால் அதில் கிளாவர் ஜாக்கி. நல்ல சீட்டு வந்ததே கெட்டதாகிப் போச்சு! இப்போது அவரிடம் மேலிருந்து ஒரு ஜாக்கி இருக்கிறது, அதனால் மதிப்பு 2 × 10 = 20-க்கு இறங்கிவிட்டது, கேட்ட 27-க்குப் போதாது. வேறு வழியில்லாமல் ஜாக்கி மட்டுமே துருப்பாக இருக்கும் கிராண்ட் ஆடினார். 58-இல் நின்றார். தோற்றால் இரட்டிப்பு, தாளில் மைனஸ் 96 எழுதினோம். அவர் மீதிச் சாப்பாட்டைத் தொடவே இல்லை.

ஸ்காட் பிறந்தது 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், துரிங்கியாவின் ஆல்டன்பர்க் ஊரில். விதித் தகராறுகளுக்குத் தீர்ப்புச் சொல்ல அங்கே ஸ்காட் நீதிமன்றம் ஒன்றே இருக்கிறது. இந்த ஏலக் கணக்கைப் பார்த்தால் அது தேவைதான் என்று தோன்றும்.

பவேரியாவின் ஷாஃப்கோப்ஃபில் நாலு பேர், ஆளுக்கு எட்டுச் சீட்டு. ராணியே கிடையாது, ஒவ்வொரு ஜாதியிலும் ஓபர், உன்டர் என்று இரண்டு ஆண்கள். இந்த எட்டுப் பேரும் மிச்ச ஆட்டின் சீட்டுகளும் சேர்ந்து 14 துருப்பு. ஆட்டம் எடுப்பவர் தன்னிடம் இல்லாத ஒரு ஏஸின் பெயரைச் சொல்வார். அந்த ஏஸ் யாரிடம் இருக்கிறதோ அவர்தான் கூட்டாளி. ஆனால் அவர் வாயைத் திறக்கக் கூடாது.

அப்புறம் என்ன, எல்லோரும் எல்லோரையும் மோப்பம் பிடிக்க வேண்டியதுதான். ஆட்டம் எடுத்தவர் ஐஷல் ஓபரை, அதாவது தலைமைத் துருப்பை, இறக்குகிறார். அடுத்தவர் ஒரு நொடி யோசித்துவிட்டு 11 புள்ளி ஆட்டின் ஏஸை அதன் மேல் போடுகிறார். கையில் வேறு துருப்பு இருந்தும் இதைப் போட்டாரா, இது ஒன்றுதான் இருந்ததா? முதலாவது என்றால் அவர்தான் கூட்டாளி. எதிரணிக்காரர் முன்கை வந்தவுடன் கேட்ட ஏஸின் ஜாதியிலேயே இறங்குவார், ஏஸ்காரர் வெளியே வந்தே ஆக வேண்டும். இந்த நாடகம் ஸ்காட்டில் இல்லை. அங்கே எதிரி யார் என்று முதல் பிடிக்கு முன்பே தெரிந்துவிடுகிறது.

காசு வைத்து ஆடுவதால் ஷாஃப்கோப்ஃப் மேசையில் சத்தம் அதிகம். சாதாரண ஆட்டத்துக்கு 10, 20 சென்ட் என்றால் பயமில்லை. கூட்டாளி இல்லாமல் தனியாக, அதாவது சோலோ போனால் பர்ஸ் கொஞ்சம் இளைக்கும். ஓபர் நாலும் உன்டர் நாலும் ஒரே கையில் வந்தால் அதற்கு ‘ஸீ’ என்று பெயர். அந்தச் சீட்டுக்கட்டில் மறுபடி ஆடாமல், எட்டுச் சீட்டையும் சட்டம் போட்டு மதுவிடுதிச் சுவரில் மாட்டுவது வழக்கம்.

கணக்கில் ஸ்காட்டின் ஆழம் பெரிது, ஒப்புக்கொள்கிறேன். மூன்று பேர்தான் இருக்கிறீர்கள் என்றால் அதையே ஆடுங்கள். 48 சீட்டு டொப்பெல்கோப்ஃபிலும் கூட்டாளி யாரென்று தெரியாது என்கிறார்கள். அதை ஆடியவர் யாராவது இருந்தால் எழுதுங்கள்.