பட்டர் பேப்பரை எங்கே பிடிப்பது? வீட்டு ஸ்டாப் மோஷனில் விளக்கோடு பட்ட பாடு

லீவு விட்டதும் என் பெண் பிடித்த பிடிவாதம் இது: களிமண்ணில் ஓர் எறும்பு செய்து, அது சீனி டப்பா மேல் ஏறுகிற மாதிரி ஸ்டாப் மோஷனில், அதாவது கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி ஒவ்வொரு படமாக எடுத்து வரிசையாக ஓட்டுகிற முறையில், படம் எடுக்க வேண்டும். போன், ஸ்டாண்டு, ஆப் எல்லாம் கையில் இருந்தன. வெளிச்சத்துக்கு அவள் படிக்கிற டேபிள் லேம்ப், 9 வாட் எல்இடி பல்பு. விநாடிக்கு 12 படம் என்று கணக்கு வைத்தால் பத்து விநாடிக்கு 120 படம். ராத்திரி எட்டு மணிக்கு ஆரம்பித்துப் பதினொன்றுக்கு முடித்தோம்.

ஓட்டிப் பார்த்தால், எறும்பைவிட அதன் நிழல்தான் நன்றாக நடித்திருந்தது! கத்தரியால் வெட்டி ஒட்டியது போல ஒரு கறுப்பு நிழல். அது போதாதென்று, தொட்டுத் தொட்டு நகர்த்தியதில் களிமண்ணில் பதிந்த எங்கள் கைரேகைகள் படத்துக்குப் படம் இடம் மாறி, எறும்பின் உடம்பு உலை கொதிப்பது போலத் தெரிந்தது.

சரி, வெளிச்சத்தை மென்மையாக்கினால் போச்சு என்று லேம்பின் வாயில் பட்டர் பேப்பரைச் சுற்றி ரப்பர் பேண்டு போட்டேன். வெளிச்சம் குறைந்தது, நிழல் அப்படியே நின்றது. இரண்டு மடிப்பு, மூன்று மடிப்பு. ம்ஹூம்.

மறுநாள்தான் விளங்கியது. நிழல் விளிம்பு மங்க வேண்டும் என்றால் வெளிச்சம் வருகிற பரப்பு பெரிதாக வேண்டும். லேம்பின் வாயிலேயே ஒட்டிய பேப்பர் லேம்பின் வாய் அளவுதானே? அது எத்தனை மடிப்பானாலும் சின்ன விளக்குதான். பிரிட்ஜ் வந்த அட்டைப் பெட்டியில் ஒரு ஜன்னல் வெட்டி, அதில் பட்டர் பேப்பரை இழுத்து ஒட்டி, லேம்புக்கு ஒரு முழம் தள்ளி நிறுத்தினேன். வெளிச்சம் பேப்பர் முழுக்கப் பரவியது. இப்போது எறும்புக்கு விளக்கு என்பது பல்பு இல்லை, அந்தப் பேப்பர். அதை எறும்புக்கு ஒரு சாண் பக்கத்தில், படத்தில் விழாத அளவுக்கு நெருக்கி வைத்ததும் நிழல் ஓரம் கரைந்துவிட்டது. கைரேகையும் முக்கால்வாசி அடங்கிவிட்டது.

சந்தேகம் இருந்தால் ஒரு பென்சிலைக் களிமண்ணில் நட்டு வைத்து, பேப்பரை முன்னும் பின்னும் நகர்த்தி நிழலைப் பாருங்கள். ஐந்து நிமிஷ வேலை. நான் மூன்று மணி நேரம் படித்த பாடம்.

வெளிச்சம் குறையும்தான். பல்பைப் பேப்பரிலிருந்து இரண்டு மடங்கு தள்ளினால் பேப்பரில் விழுவது ஏறக்குறைய கால்வாசி ஆகிவிடும். ஆனால் நமக்கென்ன கவலை? எறும்பு சொன்ன இடத்தில் அசையாமல் நிற்கிறது. ஐஎஸ்ஓவை (வெளிச்சத்துக்குக் கேமரா எவ்வளவு கூர்மையாக இருக்கிறது என்ற அளவை) ஏற்றாமல் ஷட்டரைக் கால் விநாடி திறந்து வைத்தேன், பளிச்சென்று வந்தது. திரையில் ஷட்டர் பட்டனைத் தொட்டால் போன் ஆடும் என்று இயர்போன் வால்யூம் பட்டனில்தான் கிளிக் செய்தோம்.

* * *

இதைப் படித்த ஒருவர் எழுதிய பதில்: உங்கள் எறும்பு தேவலை. நான் கொலு பொம்மைகளை வைத்து எடுத்தேன். எனாமல் பெயிண்ட் அடித்த செட்டியார் பொம்மை. தொப்பை மேல் பல்பு ஒரு புள்ளியாக மின்னும், பொம்மையைத் திருப்பத் திருப்ப அந்தப் புள்ளி ஓடும். பளபளப்பான பொருளுக்குப் பேப்பர் வைப்பது நிழலுக்காக மட்டும் இல்லை. வைத்தால் அந்தப் புள்ளி அகலமான வெள்ளைப் பட்டையாகிவிடும், கண்ணை உறுத்தாது. ஆனால் அட்டையின் விளிம்பும் அதில் தெரியும். அதனால் அட்டையை விட்டுவிட்டு, பக்கவாட்டில் தாத்தாவின் எட்டு முழ வேட்டியைத் துணிக் கொடியில் தொங்கவிட்டேன்.

அங்கேதான் வினை. வேட்டிக்குச் சொட்டு நீலம் போட்டிருந்தார்கள். செட்டியார் முகம் ஜலதோஷம் பிடித்தவர் மாதிரி நீலம் பாய்ந்து வந்தது. ஒயிட் பேலன்ஸை (எது வெள்ளை என்று கேமராவுக்குச் சொல்லும் செட்டிங்கை) வேட்டி தொங்கும்போதே ஒரு வெள்ளைத் தாளைக் காட்டி லாக் செய்திருக்க வேண்டும். நான் முன்னாடியே செய்து தொலைத்தேன். இன்னொன்று, ஃபேனை நிறுத்துங்கள். துணி ஆடினால் வெளிச்சமும் ஆடும். வியர்வையோடுதான் இந்தக் கலை.

* * *

இன்னொருவர் எழுதியது: பேப்பர் எல்லாம் சரியாக வைத்தும் படம் மினுங்குகிறதா? குற்றம் பேப்பர் மேல் இல்லை. நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். சர்க்யூட் சரியில்லாத எல்இடி விநாடிக்கு 100 தடவை துடிக்கும். ஷட்டர் வேகமாக இருந்தால் ஒரு படம் துடிப்பின் மேட்டில் மாட்டும், அடுத்தது பள்ளத்தில் மாட்டும். ஷட்டரை 1/50 விநாடி அல்லது அதைவிட மெதுவாக வையுங்கள். எங்கள் வீட்டில் மோட்டார் ஓடும்போது ஷூட்டிங் கிடையாது, வோல்டேஜ் இறங்கிவிடும்.

இதையெல்லாம் பார்த்தும் எனக்கு ஒரு ஓரம் மட்டும் இருண்டு இருண்டு வெளுத்தது. இரண்டு நாள் மண்டையைக் குடைந்தேன். கடைசியில் பார்த்தால், நான் போட்டிருந்த வெள்ளை பனியன்! பொம்மையை நகர்த்தக் குனிந்து நிமிரும்போது நானே ஒரு தெர்மாகோல் போர்டாக வெளிச்சத்தைத் திருப்பி அடித்திருக்கிறேன். இப்போது கறுப்பு டி-ஷர்ட்தான், ஒவ்வொரு கிளிக்குக்கும் ஒரே இடத்தில் போய் நிற்கிறேன்.

* * *

மூன்றாமவர் எழுதியது: துணி வழியே வெளிச்சத்தை விடாமல், துணியில் அடித்துத் திருப்பியும் பாருங்கள். சத்யஜித் ரேயின் அபராஜிதோவில் (1956) காசி வீட்டு முற்றத்தை ஸ்டூடியோவில் செட் போட்டபோது, ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா மேலே வெள்ளைத் துணியைக் கட்டி, கீழிருந்து அதில் விளக்கடித்து, திரும்பி விழுகிற வெளிச்சத்தில்தான் எடுத்தார். வானத்திலிருந்து இறங்குகிற பகல் போலவே இருக்கும். வீட்டில் சுண்ணாம்பு அடித்த சீலிங்கே போதும். ஆனால் இதையே நம்பி இருந்தால் உருவம் சப்பையாகிவிடும்; ஒரு பக்கம் கறுப்பு சார்ட் பேப்பரை நிறுத்தினால் கன்னத்தில் கொஞ்சம் இருட்டு ஒட்டும், உருண்டை தெரியும்.

ஹாலஜன், குண்டு பல்பு வைத்திருப்பவர்கள் பேப்பரைப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டாம். நான் ஒரு ட்ரேசிங் பேப்பரைப் பழுப்பாக்கி, வாடை வந்த பிறகுதான் ஓடினேன். எண்ணெய்க் களிமண்ணும் அந்தச் சூட்டில் இளகிக் கால் மடங்கும். 1910 வாக்கில் லிதுவேனியாவில் ஸ்டாப் மோஷன் முன்னோடி ஸ்டாரெவிச் உயிருள்ள வண்டுகளைச் சண்டை போட வைத்துப் படமெடுக்கப் பார்த்தார். விளக்கைப் போட்டதும் அவை அசைய மறுத்தன. பிறகுதான் செத்த வண்டுகளுக்குக் கம்பிக் கால் வைத்து ஒவ்வொரு படமாக எடுக்கப் போனார்.

* * *

முதலில் எறும்புக் கதை எழுதிய நான்தான். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. பனியன் விஷயம் எங்கள் வீட்டிலும் நடந்திருக்கிறது, இப்போதுதான் தெரிகிறது. லேம்பின் கால், அட்டையின் கால், ஸ்டாண்டின் கால் மூன்றுக்கும் தரையில் செலோடேப் ஒட்டிக் குறித்துவிட்டோம். நேற்று ராத்திரி எறும்பை டப்பா விளிம்பில் நிறுத்தி, எதையும் தொடாதே என்று எல்லோரையும் மிரட்டிவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் பார்த்தால் சீனியைத் தேடி நிஜ எறும்புகள் வரிசை கட்டி வந்திருக்கின்றன. பெண் அதற்குள் அவற்றை 14 படம் எடுத்து வைத்திருக்கிறாள். லைட்டிங் நன்றாகத்தான் இருக்கிறது.