ஏற்காட்டுக் களப்பயணத்தில் வகுப்புத் தோழிகளுடன் பழகிக்கொள்வது எப்படி?

கேள்வி (முதலாண்டு மாணவி, சேலம்):
அனைவருக்கும் வணக்கம். நான் இளநிலைத் தாவரவியல் படிக்கிறேன். விடுதியில் தங்கியிருப்பவர்கள் அதற்குள் நெருங்கிப் பழகிவிட்டார்கள்; ஊரிலிருந்து பேருந்தில் வந்து, கடைசி மணி அடித்ததும் கிளம்பிவிடும் எனக்கு இன்னும் யாரும் பழக்கமாகவில்லை. அடுத்த வாரம் துறையிலிருந்து ஏற்காட்டுக்கு ஒருநாள் களப்பயணம் அழைத்துச் செல்கிறார்கள். பேருந்தில் யார் அருகில் உட்காருவது என்று நினைத்தாலே, போகாமல் இருந்துவிடலாமா என்று தோன்றுகிறது. வலியப் போய்ப் பேசினால் தவறாக நினைப்பார்களோ?

பதில் (மூன்றாமாண்டு மாணவி):
கட்டாயம் போய் வா, தங்கச்சி. இருக்கையைப் பற்றிக் கவலை வேண்டாம். அந்த மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. பின்வரிசையில் ஆட்டம் போட்டவர்களில் பலர் பாதி வழியிலேயே எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு முன்னால் வந்துவிடுவார்கள். இறங்கிய பிறகுதான் உனக்கான வேளை. பறிக்கும் செடிகளைத் தாளுக்குள் அழுத்தி உலர்த்தி மாதிரிகளாக வைப்போம். அதற்கு ஒருவர் கிளையை வெட்ட, உலர்ந்ததும் மங்கிவிடும் பூவின் நிறத்தை இன்னொருவர் அங்கேயே குறிப்பேட்டில் எழுத, மூன்றாமவர் இலைகள் ஒன்றன்மேல் ஒன்று படியாமல் செய்தித்தாள் மடிப்புக்குள் விரித்து வைக்க வேண்டும். செடிகளை அழுத்தும் பலகையைச் சுமக்கும் வேலையை நீ கேட்டு வாங்கிக்கொள். கனமானது என்பதால் யாரும் போட்டிக்கு வரமாட்டார்கள். ஆனால் செடி பறித்த ஒவ்வொருவரும் உன்னைத் தேடி வந்தே ஆக வேண்டும்.

பதில் (ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர்):
நல்ல யோசனை. இந்தியத் தாவரவியல் அளவாய்வுத் துறையின் ஆர்க்கிட் தோட்டத்துக்கு அழைத்துச் சென்றால் அங்கே எதையும் பறிக்கக் கூடாது. பலகைக்கும் உங்களுக்கும் சற்று ஓய்வு. பயணம் ஒரு நாளில் முடிந்தாலும் வேலை முடிவதில்லை. ஈரம் ஊறிய தாளை முதல் சில நாள்கள் தினமும் மாற்றாவிட்டால் பூஞ்சை பிடித்து இலைகள் கறுத்துவிடும். ஆய்வகத்தில் மூன்று நான்கு பேர் சேர்ந்து தாள் மாற்றும் அந்த நாள்களில்தான், மலையில் தொடங்கிய பேச்சு பழக்கமாக முற்றுவதை ஆண்டுதோறும் பார்த்திருக்கிறேன்.

பதில் (முன்னாள் மாணவர்):
எனக்குச் சற்று மாறுபட்ட கருத்து உண்டு. அன்று கலகலப்பாகப் பேசியவர்களில் பலர் மறுநாளே தங்கள் பழைய கூட்டத்துக்குத் திரும்பிவிடுவார்கள். அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்களைப் போலவே ஊரிலிருந்து வந்துபோகும் வேறு சிலரும் வகுப்பில் இருப்பார்கள் அல்லவா, முதலில் அவர்களிடம் பேசிப் பாருங்கள். புளிச்சோற்றையும் கொஞ்சம் கூடுதலாகக் கட்டிக்கொண்டு போங்கள். விடுதிச் சாப்பாட்டில் அலுத்தவர்கள் தாமாகவே வருவார்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி. பயணத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். தாள் மாற்றும் வேலை மாலையில் நடக்குமா? கடைசி மணிக்குப் பிறகு தங்கினால் எனக்குப் பேருந்து கிடைக்காது.

பதில் (மூன்றாமாண்டு மாணவி):
நாங்கள் மதிய இடைவேளையில்தான் மாற்றினோம். ஆய்வக உதவியாளரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தால் திறந்து விடுவார். வீட்டிலிருக்கும் பழைய செய்தித்தாள்களையும் எடுத்துக்கொண்டு போ. எங்கள் துறையில் அது எப்போதும் பற்றாக்குறைதான்.