டியர்டிராப் டிரெய்லரில் இரண்டு பேர் உண்மையிலேயே தங்க முடியுமா?

வழிநடை கேட்டது:

வணக்கம். நானும் மனைவியும் பல வருஷமாக டென்ட் போட்டுத் தங்கிப் பழகியவர்கள். சுற்றும் ஆசை கொஞ்சமும் குறையவில்லை. தரையில் படுத்து எழுந்திருப்பதுதான் இப்போது முடியவில்லை. அவருக்கு முழங்கால், எனக்கு இடுப்பு. பெரிய கேரவன் வேண்டாம் என்பதில் இருவரும் உறுதியாக இருக்கிறோம். அதை இழுக்கத் தனியாக ஒரு பெரிய வண்டி வேண்டும், வீட்டில் நிறுத்த இடமும் வேண்டும். அதனால் டியர்டிராப் டிரெய்லர், அதாவது காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் கண்ணீர்த்துளி வடிவச் சின்னப் படுக்கை வண்டி, பக்கம் மனம் போயிருக்கிறது. 5 அடி அகலம், 8 அடி நீளம், உள்ளே மெத்தை, பின்கதவைத் தூக்கினால் சமையல் மேடை.

படத்தில் பார்க்க ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு வாரம் சேர்ந்தாற்போல் தங்கினால் எப்படி? மழை பிடித்துக்கொண்டால் என்ன செய்வீர்கள்? உள்ளே மூச்சு முட்டுமோ என்று மனைவி பயப்படுகிறார். எங்களிடம் இருப்பது சாதாரணச் சின்ன கார், அது இழுக்குமா? வைத்திருப்பவர்கள் மனம் விட்டுச் சொல்லுங்கள்.

பின்கதவு எழுதியது:

நாங்களும் டென்டிலிருந்துதான் இதற்கு வந்தோம், நானும் என் கணவரும். என்னைக் கேட்டால், இது சக்கரம் வைத்த கட்டில். கூரை உண்டு, பூட்டு உண்டு, அவ்வளவுதான். மிச்ச வாழ்க்கை முழுக்க வெளியேதான். வெளியே இருப்பது உங்களுக்குப் பிடிக்கும் என்றால் இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

டென்டில் வந்தவர்களுக்கு இதன் அருமை முதல் ராத்திரியே புரிந்துவிடும். இருட்டிய பிறகு போய்ச் சேர்கிறோம், தூறல் வேறு. கம்பி தேட வேண்டாம், ஆணி அடிக்க வேண்டாம். சக்கரத்துக்கு முட்டுக்கட்டை வைத்து, மட்டம் பார்த்து, கதவைத் திறந்தால் படுக்கை விரித்தபடியே இருக்கிறது. தலைப்பக்கம் மட்டும் தாழ்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு விரற்கடை சாய்வுகூட ராத்திரி முழுக்கத் தூக்கத்தைக் கெடுக்கும். முன்பின் மட்டத்தை முன்னால் உள்ள ஜாக்கை வைத்துச் சரிசெய்யலாம். பக்கவாட்டு மட்டத்துக்குத் தாழ்ந்த பக்கச் சக்கரத்தின் அடியில் பலகை வைத்து ஏற்ற வேண்டும். நான்கு மூலையில் இருக்கும் தாங்கு ஜாக்குகள் ஆட்டத்தை நிறுத்தத்தான். அவற்றைத் திருகி வண்டியைத் தூக்கப் பார்க்காதீர்கள், வளைந்துபோகும்.

முழங்கால் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இதை யாரும் சொல்வதில்லை. வாங்கும் முன் உங்கள் மனைவியைக் கதவோரத்தில் மெத்தை மேல் உட்காரச் சொல்லுங்கள். இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் படிய வேண்டும். அப்படிப் படிந்தால் ஏறுவதும் சுலபம்: முதலில் உட்கார்ந்து, அப்புறம் காலைத் தூக்கி உள்ளே திருப்பிக்கொள்ளலாம். இறங்குவதும் நாற்காலியிலிருந்து எழுவது மாதிரி ஆகிவிடும். கரடுமுரடான பாதைக்கென்று பெரிய சக்கரம் போட்டு உயர்த்திய மாடல்கள் இருக்கின்றன, பார்க்கக் கம்பீரமாக இருக்கும். முழங்கால் வலிக்காரர்களுக்கு அது வேண்டவே வேண்டாம். உள்ளே நிமிர்ந்து நிற்க முடியாது. உட்கார்ந்தால் தலை கூரையைத் தொடும் தொடாது என்று இருக்கும். உடை மாற்றுவது பாதி படுத்தபடிதான், அது பழகிவிடும்.

5 அடி அகலத்தில் உறுதியாக நில்லுங்கள். இந்த வண்டிகள் 1930களில் அமெரிக்காவில் பரவின. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு உபரியாகக் கிடைத்த அலுமினியத்தை வைத்து வீட்டுக் கொட்டகையிலேயே கட்டிக்கொண்டவர்களும் உண்டு. பிளைவுட் தாள் 4க்கு 8 அடி என்பதால் பழைய வடிவங்கள் பல 4 அடி அகலம். இரண்டு பேர் படுத்தால் ஆளுக்கு 60 சென்டிமீட்டர்தான் வரும். ஒருவர் புரண்டால் மற்றவர் விழித்துக்கொள்வார். 5 அடி என்றால் குயின் அளவு மெத்தையின் அகலம். அதோடு இரண்டு பக்கமும் கதவு இருக்க வேண்டும். நடுராத்திரியில் ஒருவர் வெளியே போவதற்காக மற்றவரைத் தாண்டிக் குதிக்கக் கூடாது.

மூச்சு முட்டும் பயம் நியாயமான பயம். மூடிய சின்னப் பெட்டியில் இரண்டு பேர் மூச்சு விட்டால் விடியும்போது சன்னல் சட்டத்தில் தண்ணீர் கோத்து நிற்கும். கூரையில் திறப்பும் அதில் 12 வோல்ட் ஃபேனும் கட்டாயம் வேண்டும். ஃபேனைக் காற்றை வெளியே தள்ளும்படி மெதுவாக ஓடவிட்டு, தலைப்பக்கத்துச் சன்னலை இரண்டு விரல் அளவு திறந்து வையுங்கள். குளிர் காலத்திலும் இப்படித்தான். குளிருக்குப் பயந்து எல்லாவற்றையும் அடைத்தால் ஈரம் மெத்தைக்கு அடியில் போய் உட்கார்ந்து பூஞ்சை பிடிக்கும். பலகைக்கும் மெத்தைக்கும் இடையில் காற்றுப் போக ஒரு வலைவிரிப்புப் போடுவது நல்லது. வீடு திரும்பியதும் மெத்தையை நிமிர்த்தி வையுங்கள். குளிர்கிறது என்று அடுப்பையோ கரியையோ எந்தக் காரணத்துக்காகவும் உள்ளே கொண்டுபோகாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். அதற்கென்று உள்ள அலாரம் ஒன்று கதவோரம் இருக்கட்டும்.

மழை. தூக்கிய பின்கதவு அடுப்புக்குக் கூரையாக இருக்கும், ஆனால் சாரல் பின்பக்கமிருந்து அடித்தால் பிரயோஜனம் இல்லை. அதனால் நிறுத்தும்போதே மூக்கைக் காற்றுக்கு எதிராக வைப்பேன். பக்கவாட்டில் கட்டும் ஒரு தார்ப்பாய்ப் பந்தல் அவசியம். நாற்காலி போட்டு உட்கார அதுதான் உங்கள் கூடம். ஒருநாள் மழையைப் படுத்துப் படித்தே கழித்துவிடலாம், எனக்கு அது பிடித்தமான நாள்கூட. இரண்டாம் நாளும் விடவில்லை என்றால் நாங்கள் கிளம்பிவிடுவோம். பத்து நிமிஷத்தில் கட்டி இழுத்துக்கொண்டு வேறு இடம் போக முடிவதுதான் சின்ன வண்டியின் பலம். நனைந்த டென்டைச் சுருட்டிய கைகளுக்கு இது தெரியும்.

கழிப்பறை கிடையாது. கையில் தூக்கும் போர்ட்டபிள் ஒன்றும் அதைச் சுற்றி நிறுத்த ஒரு ஒற்றைக் கூடாரமும் வைத்துக்கொள்ளுங்கள்.

இழுவிசை எழுதியது:

மேலே அக்கா சொன்னது எல்லாம் சரி. நான் இழுப்பதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

கார் இழுக்குமா என்பதற்குப் பதில் உங்கள் காரின் கையேட்டில் இருக்கிறது. பிரேக் இல்லாத டிரெய்லருக்கு எத்தனை கிலோ, பிரேக் உள்ளதற்கு எத்தனை என்று தனித்தனியாகப் போட்டிருப்பார்கள். சில சின்ன கார்களுக்கு இழுக்கவே அனுமதி இருக்காது, அப்படியானால் பேச்சு அங்கேயே முடிந்தது. விற்பவர் சொல்வது காலி எடை. 20 லிட்டர் தண்ணீர் என்றாலே 20 கிலோ. பேட்டரி, அடுப்பு, ஸ்டெப்னி, துணிமணி எல்லாம் ஏற்றிய பிறகு ஒரு எடைமேடையில் நிறுத்திப் பாருங்கள்.

அதைவிட முக்கியம், எடை எங்கே உட்காருகிறது என்பது. டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்ச் பால் மேல், அதாவது காரின் பின்னால் டிரெய்லரை மாட்டும் இணைப்பில் உள்ள உருண்டை மேல், அழுத்த வேண்டும் என்பது பொதுக் கணக்கு. ஹிட்சுக்கென்று காரில் குறித்துள்ள வரம்பைத் தாண்டவும் கூடாது. டியர்டிராப்பில் சமையல் மேடை அச்சுக்குப் பின்னால் இருக்கிறது. தண்ணீர் கேன், குளிர்பெட்டி எல்லாவற்றையும் அங்கே அடுக்கினால் முன்பக்கம் லேசாகி, வேகத்தில் வால் ஆட ஆரம்பிக்கும். கனமானதை அச்சுக்குச் சற்று முன்னால் வையுங்கள். அப்படியும் ஆடினால் ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். சட்டென்று பிரேக்கை மிதிக்காதீர்கள்.

ரிவர்ஸ் எடுப்பது பெரிய டிரெய்லரைவிட இதில்தான் கஷ்டம். நீளம் குறைவு என்பதால் கண் இமைப்பதற்குள் மடங்கிவிடும், தாழ்வாக இருப்பதால் கண்ணாடியிலும் தெரியாது. கையை ஸ்டியரிங்கின் அடிப்பகுதியில் வைத்துக்கொண்டு, டிரெய்லரின் பின்பக்கம் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கமே கையை நகர்த்துங்கள். சமதரையாக இருந்தால் கழற்றிவிட்டு இரண்டு பேராகத் தள்ளுவது இன்னும் சுலபம்.

புது வண்டியென்றால் முதல் 80 கிலோமீட்டர் வாக்கில் வீல் நட்டுகளைத் திரும்ப முறுக்குங்கள். நிற்கும் இடத்தில் எல்லாம் இரண்டு பக்கச் சக்கரத்தின் நடுவில் உள்ள ஹப் அருகிலும் புறங்கையை வைத்துப் பார்ப்பது என் பழக்கம். ஒரு பக்கம் மட்டும் தகித்தால் பேரிங்கில் கோளாறு.

ஆறடி மூன்றங்குலம் எழுதியது:

நான் விற்றுவிட்டவன், என் தரப்பையும் கேளுங்கள். கால்மாட்டில் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் அலமாரி எனக்கு ஒத்துவரவில்லை. 8 அடி என்று சொல்வார்கள், அது மொத்தப் பெட்டியின் நீளம். பின்னால் சமையல் மேடை எடுத்துக்கொண்டது போக, படுக்க மிஞ்சுவது எவ்வளவு என்று டேப் வைத்து அளந்து பாருங்கள். குழந்தை பிறந்த பிறகு மூன்றாவது ஆளுக்கு இடமே இல்லை.

வாங்கும் முன் இருவரும் உள்ளே போய், கதவைச் சாத்தி, அரைமணி நேரம் படுத்திருங்கள். விற்பவர் என்ன நினைப்பாரோ என்று கூச்சப்பட வேண்டாம். உங்கள் மனைவியின் பயம் நிஜமா இல்லையா என்பதும் அங்கேயே தெரிந்துவிடும்.

வழிநடை எழுதியது:

மூவருக்கும் நன்றி. கதவோர யோசனையை மனைவியிடம் படித்துக் காட்டினேன், அவருக்கு ரொம்பத் தைரியம் வந்துவிட்டது. இன்னும் ஒன்று: ராத்திரி முழுக்க ஃபேனும் ஒரு சின்ன 12 வோல்ட் ஃபிரிட்ஜும் ஓட எவ்வளவு பேட்டரி வேண்டும்? பழைய வண்டி ஒன்றும் விலைக்கு வருகிறது, அதில் எதைப் பார்ப்பது?

பின்கதவு எழுதியது:

ஃபேன் மெதுவாக ஓடினால் 1 ஆம்பியர்கூட இழுக்காது, ராத்திரிக்கு 8 ஆம்பியர்-அவர் (1 ஆம்பியர் வீதம் 8 மணி நேரம்) என்று வைத்துக்கொள்ளுங்கள். தின்பது ஃபிரிட்ஜ்தான். கம்ப்ரசர் வகை என்றாலும் வெயில் காலத்தில் ஒரு நாளைக்கு 30, அதற்கு மேலும் போகும். 100 ஆம்பியர்-அவர் லித்தியம் பேட்டரி என்றால் இரண்டு நாள் கவலை இல்லை. லெட்-ஆசிட் பேட்டரியில் பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுள் குறையும். அதனால் அதே 100ஐ 50 என்றே கணக்கிடுங்கள். சோலார் தகட்டைக் கூரையில் பொருத்தாதீர்கள். வண்டியை நிழலில் நிறுத்தத்தான் ஆசைப்படுவோம், அப்போது தகடும் நிழலில் மாட்டிக்கொள்ளும். நீளமான வயரோடு தரையில் வைக்கும் தகடு வாங்கினால் வண்டி மரத்தடியில் இருக்கும், தகடு வெயிலில் இருக்கும்.

பழைய வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது பின்கதவைச் சுற்றியுள்ள ரப்பர். இந்த வண்டிகளில் தண்ணீர் நுழைய முதல் வழி அதுதான். கதவைச் சாத்திவிட்டு, கீல் இருக்கும் மேல்பக்கத்தில் ஹோஸ் பைப்பால் பத்து நிமிஷம் தண்ணீர் விடுங்கள். அப்புறம் டார்ச்சோடு உள்ளே போய் மேல் மூலைகளையும், தரையும் பக்கச்சுவரும் சேரும் இடத்தையும் பாருங்கள். மெத்தையைத் தூக்கிப் பலகையைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். எங்காவது மெத்தென்று உள்ளே போனால் பிளைவுட் உளுத்துவிட்டது என்று அர்த்தம். எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் அதை எடுக்காதீர்கள்.