'வீப்' முடிஞ்சாச்சு: அடுத்து எந்த அரசியல் நையாண்டித் தொடர்?

கடைசிபெஞ்ச்:
அமெரிக்கத் துணை அதிபரைக் கிண்டலடிக்கிற 'வீப்' ஏழு சீசனும் பார்த்தாச்சு. அதே மாதிரி வேணும்னு தேடினா வர்ற பட்டியல்ல பாதி 'ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ்' மாதிரி சீரியஸான வகை. எனக்கு வேண்டியது சிரிப்பு. 'யெஸ் மினிஸ்டர்', 'தி திக் ஆஃப் இட்' ரெண்டுல எதுல ஆரம்பிக்கலாம்? பிரிட்டிஷ் அரசியல் அவ்வளவா தெரியாது.

கோப்புப்புழு:
பட்டியலை விடுங்க, உருவாக்கினவர் பேரை வெச்சுத் தேடுங்க. 'வீப்' அர்மாண்டோ யானுச்சியோடது. 'தி திக் ஆஃப் இட்' (2005–2012) அவரோடதுதான். 2009-ல வந்த 'இன் தி லூப்' படமும் அதுல கிளைச்சது. நாலாவது சீசனோட அவர் 'வீப்'பை விட்டு விலகி, டேவிட் மாண்டல் வந்தார். முதல் நாலு சீசன்தான் உங்களுக்கு உசத்தின்னா நேரா 'திக் ஆஃப் இட்' போகலாம்.

ஒப்பிடணும்னா, குடுமி யார் கையில இருக்குன்னு பாருங்க. 'யெஸ் மினிஸ்டர்'ல அது துறைச் செயலாளர் சர் ஹம்ஃப்ரி கையில. ஒரு ஆஸ்பத்திரி எபிசோடு (1981): நிர்வாகம், மத்த வேலைன்னு 500 பேருக்கு மேல ஊழியர்கள் இருப்பாங்க, டாக்டர் இல்லை, நர்ஸ் இல்லை, ஒரு நோயாளிகூட இல்லை. அதை அவர் துளி வெட்கமில்லாம நியாயப்படுத்துவார். கேட்கக் கேட்க நமக்கே சரிதானேன்னு தோணிடும், அதான் அந்த எழுத்தோட விஷமம். 'திக் ஆஃப் இட்'ல குடுமி பிரதமர் அலுவலகத்தோட ஊடக அடியாள் மால்கம் டக்கர் கையில. முதல் எபிசோடுலயே அமைச்சர் அறிவிக்கப் போன திட்டத்தைக் கடைசி நேரத்துல நிறுத்திடுவாங்க. பிரஸ் மீட்டுக்குப் போற கார்லயே வேற திட்டம் ஒண்ணு யோசிச்சாகணும். 'வீப்'ல குடுமி யார் கையிலயும் இல்லை. முதல் சீசன்ல 'அதிபர் கூப்பிட்டாரா?'ன்னு துணை அதிபர் செலினா கேட்கக் கேட்க 'இல்லை'தான் பதில்.

பிரிட்டிஷ் அரசியல் தெரியலைன்னு தயங்காதீங்க. 'யெஸ் மினிஸ்டர்'ல அமைச்சரா வர்ற ஹேக்கர் எந்தக் கட்சின்னே கடைசி வரைக்கும் சொல்ல மாட்டாங்க. அமைச்சர் மாறுவார், அதிகாரி அப்படியே இருப்பார், இது தெரிஞ்சா போதும்.

மூணாம்வரிசை:
ஸ்பெஷல் எபிசோடுகளைத் தவற விட்டுடாதீங்க. நிறைய இடத்துல சீசன் கணக்குல சேர்க்காம தனியா ஒரு மூலையில போட்டிருப்பாங்க. 'யெஸ் மினிஸ்டர்' 21 எபிசோடுக்குப் பிறகு 1984 கிறிஸ்துமஸுக்கு வந்த 'பார்ட்டி கேம்ஸ்'தான் ஹேக்கர் பிரதமர் ஆகிற கதை. பிரிட்டிஷ் சாசேஜ் பேரை ஐரோப்பாக்காரன் மாத்தப் பார்க்கிறான்னு ஒரு கூச்சலைக் கிளப்பியே மேல வந்துடுவார். இதை விட்டுட்டு 'யெஸ், பிரைம் மினிஸ்டர்' (1986–88, 16 எபிசோடு) போட்டா, இவர் எப்படிப் பிரதமரானார்னு முழிக்கணும். 'திக் ஆஃப் இட்'லயும் அப்படித்தான்: 2007-ல ரெண்டு ஸ்பெஷல் இருக்கு, பிரதமர் மாறுறது அதுலதான். மூணாவது சீசன்ல துறைக்குப் புது அமைச்சர் வர்றப்போ குழப்பம் இருக்காது.

தாழை:
கோப்புப்புழு சொன்ன வரிசையில எனக்கு உடன்பாடு இல்லை. 'திக் ஆஃப் இட்' கேமராவைக் கையில பிடிச்சு எடுத்தது. ஒருத்தர் மேல ஒருத்தர் பேசுவாங்க, மால்கமுக்கு ஸ்காட்லாந்து உச்சரிப்பு, வாயைத் திறந்தா கெட்ட வார்த்தை. சப்டைட்டில் இல்லாம முதல் மூணு எபிசோடு (முதல் சீசனே அவ்வளவுதான்) பாதி புரியாது. 'யெஸ் மினிஸ்டர்' நிதானம், அந்தக் கிறிஸ்துமஸ் ஸ்பெஷல் தவிர ஒவ்வொரு எபிசோடும் அரை மணி நேரத்துல முடிஞ்சுடும். சிரிப்புச் சத்தம் பிடிக்காதவங்க உண்டு. ஆனா அது ஒட்டவெச்ச சிரிப்பு இல்லை, ஸ்டுடியோவுல ஆளுங்களை உட்காரவெச்சு எடுத்தது.

கடைசிபெஞ்ச்:
சரி, 'யெஸ் மினிஸ்டர்'தான் முதல்ல. இங்கிலாந்து, அமெரிக்கா தாண்டி ஏதாவது?

கோப்புப்புழு:
ஆஸ்திரேலியாவோட 'யுடோப்பியா' (2014). பெரிய கட்டுமானத் திட்டங்களை அறிவிச்சுட்டே இருக்கிற ஒரு அரசு அலுவலகம். தேடும்போது கவனம்: அதே பேர்ல 2013-ல ஒரு பிரிட்டிஷ் திரில்லர் இருக்கு, சிரிப்புக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை. ஆஸ்திரேலியத் தொடர் வெளிநாட்டுல 'ட்ரீம்லேண்ட்'ங்கிற பேர்ல வந்திருக்கு. அதுல நடிச்ச ராப் சிட்ச் பேரைச் சேர்த்துத் தேடினா சரியா மாட்டும்.

தாழை:
உக்ரைனோட 'சர்வன்ட் ஆஃப் தி பீப்பிள்' (2015–19) விட்டுட்டீங்களே. வரலாற்று வாத்தியார் அதிபராகிற கதை; அந்த வேஷம் போட்ட ஜெலென்ஸ்கி 2019-ல நிஜமாவே அதிபரானார். ஆனா 'வீப்' காரம் அதுல இருக்காது, நாயகன் நல்லவர். முதல் சீசன் போதும்.