துருவ நரியைக் காப்பாற்றச் செந்நரியைச் சுடுவது சரிதானா?

வெண்பனி (கேள்வி)

நார்வே, ஸ்வீடன் மலைகளில் துருவ நரியைக் காப்பாற்ற நடக்கும் வேலைகளைப் பற்றிப் படித்ததிலிருந்து ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருக்கிறது. மலைமேல் துருவ நரிக்குத் தீனி வைக்கிறார்கள், அதே மலைக்குச் செந்நரி வந்தால் சுடுகிறார்கள். இரண்டும் காட்டு விலங்குதானே? கனடா, ரஷ்யா, கிரீன்லாந்து எல்லாம் சேர்த்தால் துருவ நரி லட்சக்கணக்கில் இருக்கிறது, அழிவின் விளிம்பில் உள்ள இனமும் இல்லை. அப்படியிருக்க, ஸ்காண்டிநேவியாவில் இருக்கும் சில நூறு நரிகளுக்காக இன்னொரு நரியைக் கொல்வதை எப்படி ஏற்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

குறிஞ்சி

உலகக் கணக்கை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் அந்த மலைகளில் துருவ நரி தானாகக் குறையவில்லை, ரோமத்துக்காக வேட்டையாடித் தீர்த்தார்கள். ஸ்வீடன் 1928-லும் நார்வே 1930-லும் ஃபின்லாந்து 1940-லும் தடை போட்டன. அதற்கப்புறமும் எண்ணிக்கை ஏறவே இல்லை. 2000 வாக்கில் மூன்று நாடுகளிலும் சேர்த்தே வளர்ந்த நரிகள் 40 முதல் 60 வரைதான். துப்பாக்கி ஓய்ந்தும் ஏன் மீளவில்லை என்று கேட்டால்தான் செந்நரி கதைக்குள் வருகிறது.

அதன் எடை ஏறக்குறைய இரண்டு மடங்கு. மோதினால் ஜெயிப்பது அதுதான், துருவ நரிக் குட்டிகளையும் கொன்றுவிடும். முன்பு அது மேலே ஏறாமல் இருந்ததற்குக் குளிர் மட்டும் காரணமில்லை, அவ்வளவு பெரிய உடம்புக்கு வேண்டிய இரை அந்த மொட்டை மலையில் கிடைக்காது. இப்போது குளிர்காலமும் இளகிவிட்டது, சாலையில் அடிபட்ட விலங்குகள், வேட்டைக்காரர்கள் விட்டுப்போகும் குடல், விடுமுறைக் குடில்களின் குப்பை என்று தின்னவும் கிடைக்கிறது. மேலே வர வழி செய்து கொடுத்தது மனிதர்கள்தான்.

துருவ நரியின் வளையைப் படத்திலாவது பாருங்கள். ஒரு மண்மேடு முழுக்க வாசல்கள், தலைமுறை தலைமுறையாக அங்கேயே குட்டி போட்டு, எச்சமும் இரையின் மிச்சமும் மண்ணில் கலந்து, சுற்றிலும் சாம்பல் பூத்துக் கிடக்கிற மலையில் அந்த மேட்டில் மட்டும் புல் பச்சைப்பசேலென்று நிற்கும். சில வளைகள் நூற்றாண்டுகளாகப் புழக்கத்தில் இருப்பவை. தாழ்வான, இரை அதிகமுள்ள இடத்து வளையைச் செந்நரி பிடித்துக்கொண்டால் துருவ நரி இன்னும் உயரே, வயிறு நிறையாத இடத்துக்குப் போக வேண்டியதுதான்.

நிலவன்

லெம்மிங்கை விட்டுவிட்டீர்களே! அந்தக் குட்டி எலிதான் இங்கே முக்கிய இரை. மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை பெருகும், பிறகு சடாரென்று சரியும். பெருகும் வருடத்தில் துருவ நரி ஒரே ஈற்றில் பத்துக்கு மேல்கூடக் குட்டி போடும், சரியும் வருடத்தில் பல ஜோடிகள் குட்டியே போடுவதில்லை. குளிர்காலத்தில் லெம்மிங் பனிக்கும் தரைக்கும் நடுவே உள்ள இடுக்கில் வாழும். நடுக்குளிரில் மழை பெய்து உறைந்தால் அந்த இடுக்கே கட்டியாகிவிடும். 1990-களில் பல இடங்களில் லெம்மிங் பெருக்கம் வராமலே போனது. தீனிப்பெட்டி வைப்பது இந்தப் பஞ்சத்தைத் தாண்டத்தான். உள்ளே இருப்பது நாய்த்தீவனம். நுழைவழி துருவ நரியின் உடம்புக்கு மட்டும் சரியாக இருக்கும், செந்நரியாலும், வால்வரின் என்ற இன்னொரு பெரிய ஊனுண்ணியாலும் உள்ளே போக முடியாது.

மாறன்

எனக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை. நார்வே 2006-லிருந்து கூண்டில் வளர்த்த நரிகளை விடுகிறது, தீனியும் வைக்கிறது. இத்தனைக்கும் பிறகு ஸ்காண்டிநேவியா முழுக்கச் சுமார் 550தான், தாக்குப்பிடிக்க 2,000 வேண்டும் என்கிறார்கள். ஒரு செந்நரியைச் சுட்டால் அடுத்த குளிர்காலத்துக்குள் கீழேயிருந்து இன்னொன்று ஏறி வரும். குப்பையையும் செத்த விலங்குகளையும் அப்புறப்படுத்தாமல் சுட்டுக்கொண்டே இருப்பதில் என்ன அர்த்தம்?

வெண்பனி

மாறன் கேட்பதுதான் என் சந்தேகமும். இன்னொன்று, 2018-ல் நார்வேக்கு வடக்கே கடலில் இருக்கும் அதன் தீவுக்கூட்டமான ஸ்வால்பார்டிலிருந்து ஒரு பெண் துருவ நரி 76 நாளில் 3,506 கிலோமீட்டர் நடந்து கனடாவின் எல்ஸ்மியர் தீவுக்குப் போனதே. அவ்வளவு நடக்கிற விலங்கு தானாக வந்து இடத்தை நிரப்பிக்கொள்ளாதா?

குறிஞ்சி

குப்பை விஷயத்தில் மாறன் சொல்வது நூற்றுக்கு நூறு சரி, அதைச் செய்தே ஆக வேண்டும். ஆனால் அது முடியும்வரை காத்திருக்க இந்த நரிகளுக்கு அவகாசம் இல்லை. தீனியும் செந்நரிக் கட்டுப்பாடும் சேர்ந்து நடந்த மலைகளில்தான் எண்ணிக்கை நன்றாக ஏறியது.

அந்த ஸ்வால்பார்டு நரி போனது கடல் பனிமேல். அங்கிருந்து நார்வே நிலப்பகுதிக்கு அப்படியொரு பனிப்பாலம் இல்லை. வந்து சேர்ந்தாலும் ஜோடி கிடைக்க வேண்டுமே! சின்னக் கூட்டங்கள் தனித்தனி மலைகளில் மாட்டிக்கொண்டு சொந்தத்துக்குள்ளேயே இணைந்ததால் பலவீனமாகிவிட்டன. ஸ்வீடனின் ஹெலாக்ஸ் பகுதிக்கு 2010-ல் நார்வே வளர்ப்புத் திட்டத்தில் பிறந்த மூன்று ஆண் நரிகள் தாமாகப் போய்ச் சேர்ந்தன. அவற்றின் குட்டிகள் மற்றவற்றைவிட நன்றாகப் பிழைத்தன, இனமும் பெருக்கின. மூன்றே மூன்று நரிகள்! நடுவில் காலியாகக் கிடக்கும் மலைகளில் நரிகளை விடுவது இந்தப் போக்குவரத்துக்காகத்தான். ஃபின்லாந்திலும் 1996-க்குப் பிறகு முதல்முறையாக 2022-ல் துருவ நரி குட்டி போட்டிருக்கிறது.